குள்ளக் கார்களின் எழுச்சியும் தளர்வும்

தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் மாட்டுவண்டிப் பந்தயம் கண்டவர்கள் ஒரு வழக்கத்தைக் கவனித்திருப்பார்கள். எல்லா மாடுகளையும் ஒரே கோட்டில் நிறுத்தி விரட்டுவதில்லை. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு என வகுத்து, ஒவ்வொரு வகைக்கும் தனி ஓட்டமும் தனிப் பரிசும் வைப்பார்கள். பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு கட்டி ஓடவிட்டால் முடிவு முன்னரே தெரிந்துவிடும். முடிவு தெரிந்த பந்தயத்தைப் பார்ப்பதற்கு வெயிலில் வந்து நிற்பவர் எவருமில்லை. நாட்டுப்புறத்துப் பெரியவர்கள் அனுபவத்தினால் அறிந்த இவ்வுண்மையை, மோட்டார்ப் பந்தயம் நடத்திய மேனாட்டார் பெரும் பொருள் இழந்த பின்னரே அறிந்தனர். அதிலும் குள்ளக் கார்ப் பந்தயம் என்று ஒன்றுண்டு. அதன் வரலாற்றில் இப்பாடம் ஒரு முறையல்ல, மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப வருகின்றது.

குள்ளக் கார் என்பது யாது? ஆங்கிலத்தில் அதனை மிட்ஜெட் என்பர். ஒருவர் மட்டுமே அமரக்கூடியது. சக்கரங்கள் வெளியே தெரிய நிற்பது. எஞ்சின் முன்னே, ஓட்டுநர் பின்னே. எடை ஏறத்தாழ 900 இறாத்தல்தான். நம் வீதிகளில் ஓடும் சாதாரணக் காரின் பாதி எடைகூட இராது. எஞ்சினைத் தானே கிளப்பும் கருவி அதில் இல்லை. வேறொரு வண்டி பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்க வேண்டும். கால் மைல், அரை மைல் நீளமுள்ள வட்டமான மண் தடத்தில், வளைவுகளில் பின் சக்கரங்கள் பக்கவாட்டில் சறுக்கப் புழுதி பறக்க ஓடுவது அதன் இயல்பு. கலவானப் பக்கத்துத் தோட்டப் பாதைகளிலே பலகைக்கு அடியில் பழைய பேரிங்குகளைப் பூட்டி இறக்கத்தில் உருண்டோடும் சிறுவர்கள், தம் வண்டிக்கு ஓர் எஞ்சின் கிடைத்தால் எப்படியிருக்கும் என்று கனவு காண்பார்களாயின், அந்தக் கனவின் வடிவம் இதுவாகவே இருக்கும்.

இப்பந்தயம் பிறந்தது செல்வம் கொழித்த காலத்திலன்று. 1929 இல் அமெரிக்காவிலே தொடங்கிய பொருளாதார வீழ்ச்சி உலகெங்கும் பரவி, நம் நாட்டுத் தேயிலையையும் இறப்பரையும் விலையின்றி முடக்கிப்போட்ட காலம் அது. 1933 ஜூன் மாதத்தில், கலிபோர்னியா மாநிலத்துச் சாக்ரமென்டோ நகரில் ஹியூஸ் விளையாட்டரங்கிலே முதன்முதலாக ஒழுங்குபடுத்தப்பட்ட குள்ளக் கார்ப் பந்தயம் நடந்தது. பெரிய பந்தயக் கார்களை வாங்கவோ பேணவோ எவரிடத்தும் பணமில்லை. ஆனால் கைத்திறன் மிக்க இயந்திரத் தொழிலாளர் ஏராளமாக இருந்தனர். வேலையில்லாமையால் அவர்களுக்கு நேரமும் இருந்தது. படகின் பின்னால் மாட்டும் எஞ்சின், பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஆகியவற்றுள் கைக்குக் கிட்டியதைத் தாமே ஒட்டிய இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பூட்டினர். கேட்பாரற்றுக் கிடக்கும் இயந்திரத்தை உயிர்ப்பித்து ஓடச் செய்வதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. இரத்தினபுரி மாவட்டத்து மாணிக்கக் குழிகளில் நீர் இறைக்கும் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் இளைஞர்கள் அதனை நன்கு அறிவார்கள்.

மறு ஆண்டிலேயே, 1934 இல், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கில்மோர் எண்ணெய்க் கம்பெனியின் உரிமையாளர் ஏர்ல் கில்மோர் இப்பந்தயத்துக்கென்றே ஓர் அரங்கம் அமைத்தார். இரவில் விளக்கொளியில் நடந்த அப்போட்டிகளைக் காணப் பல்லாயிரவர் திரண்டனர். நுழைவுச் சீட்டு மலிவு. பந்தயம் வீட்டுக்கு அருகில். ஓட்டுநரோ அடுத்த தெருப் பையன். அவன் எஞ்சின் ஒரு வாரம் நன்றாக ஓடும், மறு வாரம் புகை கக்கி நின்றுவிடும். யார் வெல்வார் என்பதை எவராலும் சொல்ல இயலாதிருந்தது. அதுவே அக்காலத்துக் குள்ளக் கார்ப் பந்தயத்தின் உயிர்நிலை.

அவ்வுயிர்நிலையைத் தொட்டுப் பார்த்தவர் பிரெட் ஒப்பன்ஹவுசர் என்னும் தேர்ந்த இயந்திரக் கலைஞர். அவர் ஹரி மில்லர் என்னும் புகழ்பெற்ற பந்தய எஞ்சின் ஆக்குநரிடம் பணியாற்றியவர். மில்லர் 1933 இல் கடனில் மூழ்கித் தொழிலைக் கைவிட்டபோது, ஒப்பன்ஹவுசர் அவ்வார்ப்பு அச்சுகளையும் கருவிகளையும் வாங்கித் தொழிலைத் தொடர்ந்தார். லியோ கூசன் என்னும் வரைவாளர் அவருக்குத் துணை நின்றார். குள்ளக் கார்களுக்கென்றே அவர்கள் படைத்த எஞ்சினின் கொள்ளளவு 97 கன அங்குலம், அதாவது 1.6 லீற்றர். நான்கு சிலிண்டர்கள், வால்வுகளை இயக்க மேலே இரண்டு சுழல்தண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நுட்பம் அதில் இருந்தது: சிலிண்டர்ப் பகுதியும் அதன் தலைப்பகுதியும் ஒரே வார்ப்பாக வார்க்கப்பட்டிருந்தன. சாதாரண எஞ்சின்களிலே இவ்விரண்டுக்கும் இடையில் வைக்கும் தகடு வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எரிந்து போவதுதான் பந்தயத்தில் பலரும் தோற்பதற்குக் காரணம். ஒப்பன்ஹவுசர் எஞ்சினில் எரிந்து போவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ரசிகர்கள் அதனைச் செல்லமாக ‘ஓபி’ என்றழைத்தனர்.

ஓபி வந்தது, மற்றவை ஒவ்வொன்றாக மறைந்தன. ஓபி வைத்திருந்தவர் வென்றார், இல்லாதவர் அவர் கிளப்பிய புழுதியை உண்டார். அது மலிவானதன்று. தானே செய்த காரோடு வந்த தொழிலாளி, பணம் படைத்த கார் உரிமையாளரிடம் கூலிக்கு ஓட்டுபவனாக மாறத் தொடங்கினான். இதற்கு மாற்றாக வந்தது போர்டு கம்பெனி 1937 முதல் தன் கார்களுக்குச் செய்த 60 குதிரைவலு எட்டுச் சிலிண்டர் எஞ்சின். பழைய கார்களில் ஏராளமாகக் கிடைத்தது, விலையும் கட்டுப்படியானது. ஆனால் அமைப்பில் பழமையானது. ஆகவே போட்டி நடத்தியோர் அதற்குச் சலுகை தந்து, 136 கன அங்குலக் கொள்ளளவோடு ஓட அனுமதித்தனர். அப்படியும் ஓபியின் முன் அது ஈடுகொடுக்கத் திணறியது. ஈற்றில் கலிபோர்னியாவின் சங்கமொன்று ஓபி கார்களுக்கு ஒரு வரிசையும் மற்றக் கார்களுக்கு வேறொரு வரிசையுமாகப் பந்தயங்களைப் பிரித்தது. நம் பூஞ்சிட்டு மாட்டுக் கணக்குக்கே அவர்களும் வந்து சேர்ந்தனர் என்க.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆம் ஆண்டு நடுப்பகுதியில், அமெரிக்க அரசு மோட்டார்ப் பந்தயங்கள் அனைத்தையும் நிறுத்தியது. 1945 இல் போர் முடிந்ததும் அணை உடைந்த வெள்ளம் போல ரசிகர்கள் திரும்பினர். வாரத்தின் ஏழு இரவுகளும் எங்கோ ஒரு தடத்தில் பந்தயம் உண்டு. பிராங்க் கேட்டிஸ் என்பவர் குள்ளக் கார்களை நூற்றுக்கணக்கில் செய்து விற்றார். ஆயினும் அப்பெருக்கு மூன்று நான்கு ஆண்டுகளே நின்றது. 1950 அளவில் அரங்குகளின் வாயில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கில்மோர் அரங்கும் அவ்வாறே இடிக்கப்பட்டது. அந்நிலத்தில் 1952 இல் எழுந்தது எது தெரியுமா? சி.பி.எஸ். நிறுவனத்தின் தொலைக்காட்சி நிலையம்!

தொலைக்காட்சியே குள்ளக் கார்ப் பந்தயத்தைக் கொன்றது என்று எழுதுவோர் பலர். அவர்கள் சொல்வதற்கு இக்கட்டடமே வாய்ப்பான சான்றாகிவிடுகின்றது. ஆனால் அது பாதி உண்மையே. அதே தொலைக்காட்சிக் காலத்தில்தான், சந்தையில் விற்கும் சாதாரணக் கார்களை ஓட்டும் பந்தயங்கள் அந்நாட்டில் ஓங்கி வளர்ந்தன. மக்கள் வீட்டிலேயே இருந்துவிடவில்லை. வேறு அரங்குக்குப் போனார்கள். அங்கே தன் வீட்டுக் காரைப் போன்ற ஒரு கார் வெல்வதை ஒருவன் காணலாம். குள்ளக் கார் அரங்கிலோ ஒரே வகைக் கார், ஒரே எஞ்சின், வாரந்தோறும் அதே முடிவு. சலிப்பு முதலில் வந்தது. தொலைக்காட்சி பின்னரே வந்து அதன்மேல் மண்ணைத் தள்ளியது எனலாம்.

ஓபி எஞ்சினை வெறுமனே பழித்துவிடவும் கூடாது. அதன் பெரிய வடிவம் இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் 1947 முதல் 1964 வரை ஓர் ஆண்டும் தவறாது வென்றது. குள்ளக் காரில் பூட்டிய அதன் சிறிய வடிவம் எத்தகையது என்பதற்கு 1959 ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு நிகழ்ச்சிகள் போதும்.

அவ்வாண்டு இண்டியானாபொலிஸில் வென்ற ரொஜர் வார்டு என்பவர், ஜூலை மாதத்தில் கனெக்டிகட் மாநிலத்து லைம் ரொக் தடத்துக்கு ஒரு குள்ளக் காரைக் கொண்டுவந்தார். அது மண் தடமன்று. இடமும் வலமும் வளையும் தார்ப்பாதை. எதிரே நின்றவை ஐரோப்பாவின் மசெராட்டி, ஆஸ்டன் மார்ட்டின் போன்ற பெயர்பெற்ற கார்கள். மண்ணில் சுற்றும் பழைய தகரப் பெட்டிக்கு இங்கே என்ன வேலை என்று நகைத்தவர்களும் உண்டு. ஆனால் அத்தடம் சிறியது, வளைவுகள் நெருக்கமானவை. எடை குறைந்த குள்ளக் கார் ஒவ்வொரு வளைவிலிருந்தும் துள்ளி வெளிவந்தது. வார்டு வென்றார்.

வெற்றி சிலவேளை மனிதனை மயக்கும். அதே ஆண்டு டிசம்பர் 12 ஆம் திகதி புளோரிடாவின் செப்ரிங் விமான ஓடுதளத்தில் நடந்த அமெரிக்கக் கிராண்ட் பிரீ போட்டிக்கு, உலகின் தலைசிறந்த கார்களோடு போட்டியிட, வார்டு குள்ளக் காரோடு சென்றார். போட்டி விதி 2.5 லீற்றர் எஞ்சின் வரை இடங்கொடுத்தது; அவரிடம் இருந்ததோ 1.7 லீற்றர் ஓபி. செப்ரிங் தடம் நீண்டது, நேர்ப்பாதைகள் மிகுந்தது. பயிற்சி ஓட்டத்தில் முதலிடம் பெற்ற ஸ்டெர்லிங் மொஸ் ஒரு சுற்றை மூன்று நிமிடத்தில் முடித்தார். வார்டுக்கு அதனைவிட நாற்பது விநாடிக்கு மேல் தேவைப்பட்டது. எல்லோருக்கும் பின்னால் நின்று தொடங்கிய அவர், இருபதாவது சுற்றில் கிளச்சுப் பழுதாகி விலகினார். போட்டியில் வென்றவர் கூப்பர் காரை ஓட்டிய 22 வயது இளைஞர் புரூஸ் மக்லாரன். எரிபொருள் தீர்ந்த தன் கூப்பர் காரைக் கையால் தள்ளிக்கொண்டே கோட்டைக் கடந்த ஜாக் பிரபாம் அவ்வாண்டின் உலக வீரர் ஆனார்.

கூப்பர் கார் எங்கிருந்து வந்தது என்று நோக்கினால் வியப்புத்தான். அதுவும் ஒரு குள்ளக் காரின் வழித்தோன்றலே! 1946 இல் இங்கிலாந்தின் சர்பிட்டன் நகரில் சார்ல்ஸ் கூப்பரும் அவர் மகன் ஜோன் கூப்பரும் ஒரு சிறு பந்தயக் கார் செய்தனர். போரினால் நொடிந்திருந்த நாட்டிலே பணமில்லாதோரும் பந்தயம் ஓட வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட 500 கன சென்றிமீற்றர் வகுப்புக்கு உரியது அது. பழைய பியட் சிறு கார்களின் முன் பாகங்களை எடுத்து இரு முனைகளிலும் ஒட்டி, ஜே.ஏ.பி. மோட்டார் சைக்கிள் எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தனர். ஏன் பின்னால்? மோட்டார் சைக்கிள் எஞ்சினிலிருந்து சங்கிலி வழியே பின் சக்கரத்தை இயக்குவதற்கு அதுவே எளிது. ஏழ்மையினால் நேர்ந்த அந்த அமைப்பே பதின்மூன்று ஆண்டுகளில் உலகப் பட்டத்தை வென்றது. இன்று கிராண்ட் பிரீ ஓடும் கார்கள் யாவும் எஞ்சினைப் பின்னால் கொண்டவையே.

ஆனால் அந்த 500 வகுப்பின் கதியும் நன்றாக இல்லை. எளியவரின் பந்தயமாகத் தொடங்கிய அதில், நோர்ட்டன் என்னும் மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பந்தய எஞ்சின் புகுந்தது. அதன் முன் ஜே.ஏ.பி. எஞ்சின் எடுபடவில்லை. நோர்ட்டன் கம்பெனியோ எஞ்சினைத் தனியாக விற்க மறுத்துவிட்டது. எனவே வெல்ல விரும்பியவர்கள் முழு மோட்டார் சைக்கிளையும் விலைகொடுத்து வாங்கி, எஞ்சினைக் கழற்றிக்கொண்டு, மிகச் சிறந்த அதன் சட்டத்தை அனாதையாக விட்டனர். அச்சட்டங்களில் வேறு சிலர் டிரையம்ப் எஞ்சினைப் பூட்டி ‘டிரைட்டன்’ என்று ஒரு புதுக்கலப்பு வண்டியைப் படைத்தது தனிக்கதை. ஓர் எஞ்சினுக்காக ஒரு வண்டியையே வாங்கும் நிலை வந்த பின்னர், பணமில்லாதோரின் பந்தயம் என்ற பெயர் எவ்வாறு நிலைக்கும்? 1950களின் இறுதியில் வேறு வகுப்புகள் வந்ததும் அது தானே ஒதுங்கிற்று.

நம் நாட்டில் மண் தடத்துக் குள்ளக் கார்ப் பந்தயம் வேரூன்றவில்லை. இங்கே பந்தயம் மலையேறியது. தோட்டத் துரைமார் காலத்தில், 1934 இல், நுவரெலியாவில் மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி தொடங்கிற்று. சாக்ரமென்டோவில் குள்ளக் கார் பிறந்த மறு ஆண்டு அது. தேயிலைச் செடிகளுக்கு இடையே வளைந்து ஏறும் குறுகிய பாதையில் கார்கள் ஒவ்வொன்றாக நேரத்தை எதிர்த்து ஓடின. ராதெல்லவிலும் இத்தகைய போட்டி நடந்தது. போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையினர் களுத்துறைக்கு அருகே அமைத்த கட்டுக்குருந்தை விமானத் தளம் பின்னர் பந்தயத் தடமாயிற்று.

நுவரெலியாவில் எஞ்சின் படும் பாடு கவனிக்கத்தக்கது. கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் செறிவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. எஞ்சின் உண்பது பெற்றோலை மட்டுமன்று, காற்றையும்தான். காற்றுக் குறைந்தால் வலுவும் அந்த அளவுக்குக் குறையும். கொழும்பில் சீறிப் பாய்ந்த கார், மலையில் மூச்சு வாங்கும். ஆகவே அங்கே பெருவலுவுள்ள கார் மட்டுமே வெல்லும் என்ற நியதி இல்லாமல், எடை குறைந்த காருக்கும், எரிபொருட் கலவையைத் திருத்த அறிந்த கைக்கும் ஓர் இடம் இருந்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் இறுகியது. உதிரிப் பாகம் கிடையாது. உடைந்ததை ஒட்டி, தேய்ந்ததைக் கடைந்து, பழைய ஒஸ்ரினையும் மொரிஸையும் ஓடவைத்த கராஜ் தொழிலாளரின் திறமை அக்காலத்தில் கூர்மை பெற்றது. ஆனால் பந்தயத்துக்குப் புதிய எஞ்சின் வரவில்லை. 1977 இல் கதவு திறந்ததும் நேர்மாறான நிலை: யார் யப்பானிலிருந்து எதை வாங்கி வர முடியுமோ அவரே முன்னின்றார். கட்டுப்பாட்டில் கருவி இல்லை. தாராளத்தில் சமத்துவம் இல்லை. 2020 இல் மீண்டும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல்தான் தளர்த்தப்பட்டது.

மண் தடப் பந்தயம் பற்றிப் பேசும்போது ஒரு துயரத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவை நரிக்குன்றுத் தடத்தில் நடந்த பந்தயத்தில் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளருக்குள் பாய்ந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. இறந்தவருள் ஒரு சிறுமியும் இருந்தாள். எஞ்சினின் வலு ஏறும்போது வேலியும் அதற்கேற்ப விலகி உயர வேண்டும். அமெரிக்கக் குள்ளக் கார் அரங்குகளும் இந்தக் கணக்கை உயிர்களைக் கொடுத்தே கற்றன.

சமத்துவச் சிக்கலுக்குத் தமிழகத்தில் ஒரு விடை கிடைத்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில், 1953 இல் அமைந்த சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் நெடுங்காலம் பந்தயங்களை நடத்தியது. அம்பாசிடர், பியட், ஹெரால்டு எஞ்சின்களைக் கடைந்து திருத்தி ஓட்டியவர்கள் ஒருபுறம். வெளிநாட்டுக் காரை விலைக்கு வாங்க வல்லவர்கள் மறுபுறம். 1980களில் செல்வர் விஜய் மல்லையா, கிராண்ட் பிரீ ஓடிய என்சைன் காரையே அங்கு கொண்டுவந்து ஓட்டினார். அம்பாசிடர் எஞ்சின் அதனோடு என்ன செய்யும்?

கோயம்புத்தூர் எஸ். கரிவரதன் இதனை வேறு வழியில் அணுகினார். தாமே கார் செய்யவும் ஓட்டவும் வல்ல அவர், 1980களின் பிற்பகுதியில் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஒருவர் அமரும் சிறு பந்தயக் காரை வடிவமைத்தார். 1983 முதல் இந்தியத் தெருக்களில் ஓடிய மூன்று சிலிண்டர், 796 கன சென்றிமீற்றர் எஞ்சின் அது. எல்லோருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின். ஓபி எஞ்சினும் எல்லோரிடமும் இருந்ததுதானே என்று கேட்கலாம். ஓபியை வாங்க வல்லவரே வாங்கினர். வாங்க இயலாதவரும் அதே தடத்தில் நின்று தோற்றனர். மாருதி எஞ்சினோ தெருவெங்கும் கிடைத்தது. பழுதானால் எந்தக் கராஜிலும் திருத்தலாம். வேறுபாடு ஓட்டுநரிடம் மட்டுமே எஞ்சியது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தடம் அமைந்தபின் இச்சிறு கார்கள் அங்கு ஓடின. கரிவரதன் 1995 இல் விமான விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003 இல் திறக்கப்பட்ட தடம் அவர் பெயரைத் தாங்குகின்றது.

அமெரிக்காவில் குள்ளக் கார் முற்றாக மறைந்துவிடவில்லை. 1970களில் வோக்ஸ்வாகன் வண்டு காரின் காற்றால் குளிரும் எஞ்சினைத் திருத்திப் பூட்டியவர்கள் ஓபியையே அரியணையிலிருந்து இறக்கினர். எளியவனுக்கு மீண்டும் ஒரு வாய்ப்பு வந்தது. ஆனால் அந்த வண்டு எஞ்சினும் ஆண்டாண்டாகத் திருத்தப்பட்டு விலையேறியது. அதன்பின் பந்தயத்துக்கென்றே வார்க்கப்பட்ட எஞ்சின்கள் வந்தன. இன்று முன்னணியில் ஓட வல்ல ஓர் எஞ்சினுக்குப் பல பத்தாயிரம் டொலர் வேண்டும். ஆகவே தேசிய வரிசைப் பந்தயங்களில் முன்னணி என்பது ஒருசில பெருங்குழுக்களின் கார்கள்தாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், ஜனவரியில், ஓக்லகோமாவின் டல்சா நகரில் கூரையின் கீழ் மண்ணைக் கொட்டி 1987 முதல் நடத்தும் பெருவிழாவுக்கு முந்நூறுக்கு மேற்பட்ட குள்ளக் கார்கள் வருகின்றன. நம் நாட்டுத் தேர்த்திருவிழா போல அது ஒருவாரக் கூட்டம். எஞ்சிய நாட்களில் பல தடங்கள் வெறிச்சோடிக் கிடக்கின்றன.

மாருதிச் சிறு காரில் பந்தயம் தொடங்கிய கோயம்புத்தூர் இளைஞர் நாராயண் கார்த்திகேயன், 2005 இல் இந்தியாவின் முதல் கிராண்ட் பிரீ ஓட்டுநரானார். அவ்வாண்டு ஜூன் மாதம் இண்டியானாபொலிஸில் நடந்த அமெரிக்கப் போட்டியில், டயர்ச் சிக்கலினால் பதினான்கு கார்கள் தொடக்கத்திலேயே விலகிவிட, ஆறு கார்களே ஓடின. கார்த்திகேயன் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஓபி பதினெட்டு ஆண்டுகள் கோலோச்சிய அதே இடத்தில் அவருடைய ஜோர்டன் காரில் இருந்தது டொயோட்டா எஞ்சின். இன்று அமெரிக்கக் குள்ளக் கார்ப் பந்தயங்களில் மிகுதியாக வென்றுவரும் எஞ்சின்களுள் ஒன்றும் அதே பெயருடையதுதான்.